அலமேலுவுக்கு ஒரு பூனைக்குட்டி

பூனைக்குட்டிதான் சார். கூடைக்குள்ள வேற ஒண்ணும் இல்ல. நீங்க தாராளமா காலை நீட்டிக்குங்க. மேல துணி போட்டுக் கட்டியிருக்கேன், வெளிய வராது. இப்ப தூங்குது.

இல்ல சார், விக்கறதுக்கு இல்ல. என் சம்சாரத்துக்குக் கொண்டு போறேன். ஓசூர்ல இருக்கா. கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா, ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. போயி கூட்டிக்கிட்டு வரலாம்னு கிளம்பிட்டேன். வெறுங்கையோட போனா நல்லா இருக்காதில்ல? சேலை, ஸ்வீட்டு இதுக்கெல்லாம் அவ மசிய மாட்டா. பூனைன்னா உசுரு. அதான்.

சிரிக்கறீங்க. சிரிங்க. நானும் ஒரு காலத்துல சிரிச்சவன்தான். ஒரு பூனையால குடும்பம் ரெண்டாவும்னு யாராவது சொன்னா, போடா வேலையப் பாத்துக்கிட்டுன்னு சொல்லியிருப்பேன். ஆயிருச்சே சார். என் குடும்பத்துல ஆயிருச்சு. முழுசா கேட்டுட்டு, ஞாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க. படிச்சவரா இருக்கீங்க, ஓசூர் வரைக்கும் நேரமும் இருக்குது.

நமக்குப் பாலக்கோட்டுக்குப் பக்கம். பேரு மாதையன். ரெண்டு ஏக்கர் மல்பெரி போட்டிருக்கேன், பட்டுப்புழு வளக்கறோம். நீங்க பாத்திருக்க மாட்டீங்க. முட்டை பொரிஞ்சதுல இருந்து கூடு கட்டற வரைக்கும் இருவத்தஞ்சு நாளு சொச்சம். அந்த இருவத்தஞ்சு நாளும் கைக்கொழந்தையப் பாக்கற மாதிரி பாக்கணும். அதுக்கு ஒண்ணும் ஆவாது சார். ஊதுவத்தி ஆவாது, கொசுவத்தி ஆவாது, பீடிப் புகை ஆவாது. பக்கத்துக் காட்டுக்காரன் தக்காளிக்கு மருந்தடிச்சு, காத்து நம்ம பக்கம் திரும்புனா அவ்ளோதான், அத்தனையும் செத்துரும்.

அதனால புழு வளக்கற ஷெட்டுக்குள்ள வர்றவங்களுக்கு நான் ரூலு போட்டு வெச்சிருக்கேன். செருப்பு வெளிய. கை காலு கழுவணும். தலையில எண்ணெய் மணக்கக் கூடாது. அலமேலு, அதான் என் சம்சாரம், கல்யாணமாயி வந்த புதுசுல மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கிட்டு உள்ள வந்துட்டா. அன்னிக்கே டப்பாவத் தூக்கி சாணிக்குழியில வீசிட்டேன். ஏழு வருசம் ஆச்சு, அதுக்கப்புறம் அவ பவுடர் போட்டதே இல்ல. பூ வெக்கறதையும் தானா விட்டுட்டா. அந்த அளவுக்குச் சொன்ன பேச்சு கேக்கறவதான் சார். அத நான் மறைக்க மாட்டேன்.

கொழந்தையா? இல்ல. யாரு மேல கொறைன்னு அவ டாக்டர்கிட்ட போயிப் பாக்கலாம்னா. எதுக்குப் பாக்கணும்? எனக்குத் தெரியாதா?

சரி, பூனைக்கு வர்றேன். எலிக்குப் பட்டுப்புழுன்னா அல்வா சார். கூரை வழியா எறங்கும், சாக்கடைக் குழாய் வழியா ஏறும். பொழுது விடிஞ்சு போயிப் பாத்தா புழு வெச்ச ஒரு அடுக்குல பாதியக் காணோம். அணிலு வேற. எலி மருந்து வெக்க முடியாது, சொன்னேனே, மருந்துன்னாலே நமக்கு ஆவாது. பொறி வெச்சா ஒண்ணு மாட்டும், மத்த பத்தும் அதப் பாத்து விலகிப் போவும். கடைசியில டவுனு மண்டியில இருந்து ஒரு பொட்டப் பூனையக் கொண்டாந்தேன். சாம்பக் கலரு, பாதி வாலுதான். மண்டிக்காரரு, இது புடிக்காத எலி இல்லன்னாரு.

கொண்டாந்த அன்னிக்கே அலமேலுகிட்டச் சொல்லிட்டேன். இது கொஞ்சறதுக்கு இல்ல, சோறு வெக்காத. வவுறு நெறஞ்சா வேட்டைக்குப் போவாது, பசியோட கெடந்தாத்தான் புடிக்கும். ஞாயந்தானே சார்? அவ தலைய ஆட்டுனா. ஆனா ராசாத்தின்னு பேரு வெச்சுட்டா. எலிப்பொறிக்கு யாராவது பேரு வெப்பாங்களான்னு கேட்டேன். அவ எப்பவும் அப்படித்தான், பதில் சொல்ல வேண்டிய எடத்துல சொல்ல மாட்டா.

பூனை வேலை செஞ்சுது சார். அதக் கொறை சொல்லக் கூடாது. மொத வாரத்துலயே ஒம்போது எலி. அது வேட்டையாடறத நீங்க பாக்கணும். புடிச்சத உடனே கொல்லாது, அங்கதான் இருக்குது வேடிக்கை. பல்லு அழுந்தாம கவ்விக்கிட்டு வந்து வாசல்ல விடும். விட்டுட்டு வேற எங்கயோ பாக்கும். காலை நக்கும். எனக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லங்கற மாதிரி உக்காந்திருக்கும். எலி முழிக்கும். கொஞ்சம் நகரும். இன்னும் கொஞ்சம் நகரும். சரி, தப்பிச்சோம்னு நெனச்சு ரெண்டு முழம் போவும் பாருங்க, அப்ப ஒரே தாவு. திரும்பக் கொண்டாந்து அதே எடத்துல விடும். அரை மணி நேரம் போவும் சார் இந்தக் கூத்து. நான் நாற்காலியப் போட்டு உக்காந்து பாப்பேன்.

அலமேலுவைக் கூப்பிட்டா வர மாட்டா. கொல்றதா இருந்தா கொன்னுட்டுப் போவ வேண்டியதுதானே, எதுக்கு இப்படின்னு உள்ள இருந்தே சொல்லுவா. உன் ராசாத்தியோட லட்சணத்த வந்து பாருடின்னு கையப் புடிச்சுக் கொண்டாந்து பக்கத்துல உக்கார வெப்பேன். கண்ண மூடிக்குவா. தொறன்னா தொறப்பா.

ஒரு நாளு அணிலு மாட்டுச்சு. அருமையா போயிக்கிட்டு இருக்குது ஆட்டம். நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ பூனை விட்டுப் புடிக்கறப்ப, இவ ஈரத்துணி பக்கெட்டோட வந்தவ, துணிய எடுத்துப் பூனை மேல வீசிட்டா. பூனை மெரண்டு ஓடிருச்சு. அணிலு வேப்ப மரத்துல ஏறி, மேல உக்காந்துக்கிட்டுக் கீச்சு கீச்சுன்னு கத்துது. இவ நிமிந்து பாத்து சிரிக்கறா. கல்யாணமாயி ஏழு வருசத்துல அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்தது இல்ல. எனக்குக் கோவம் வராதா? எலி புடிக்கற பூனைய மெரட்டுனா அது நாளைக்கு வேலை செய்யுமா? நான் கை நீட்டற ஆளு இல்ல சார். எங்க ஊர்ல யார வேணா கேளுங்க. அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சுக் கண்டுபுடிச்சேன். தேங்காச் செரட்டையில பாலும் சோறும் பெசஞ்சு, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி தினமும் வெச்சிருக்கா. எத்தன நாளா? பூனை வந்த மறுநாள்ல இருந்து. என்னா தெகிரியம் பாருங்க. நான் கத்தல, அடிக்கல. நிதானமா ஒரு ரூலு சொன்னேன். பூனைக்கு ஒரு வேளை நீ சோறு வெச்சா, உனக்கு ஒரு வேளை சோறு கெடையாது. அவ்ளோதான். இதுல என்னா தப்பு? யாரும் இதுக்கு மேல மரியாதையா சொல்ல முடியாது.

இதச் சொன்னா ஒரு பொம்பளை என்னா பண்ணணும்? பூனைக்கு வெக்கறத நிறுத்தணும். இவ என்னா பண்ணா தெரியுமா? தினமும் ரெண்டு வேளை வெச்சா. என் கண்ணு முன்னாடியே கொண்டு போயி வெச்சுட்டு வந்து, எனக்குப் பரிமாறிட்டு, தட்டக் கழுவிக் கவுத்துட்டு, தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்குவா. திமிரு சார். வேற என்னான்னு சொல்றது? மூணு மாசத்துல எலும்புந்தோலுமா ஆயிட்டா. ரவிக்கை தோள்ல நிக்காது. ஊர்க்காரன் எங்கிட்ட வந்து, சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேக்கறான். அவமானம் யாருக்கு? பூனைக்கு வெக்கறத நிறுத்தியிருந்தா மூணு வேளையும் சாப்பிட்டிருக்கலாம். நானா வேணாம்னேன்?

இதுல எனக்கே புரியாத விசயம் ஒண்ணு சார். பூனை வவுறு முட்டத் தின்னுட்டும் எலி புடிக்கறத விடல. அதே மாதிரிதான் புடிச்சுது. புடிச்சதத் தின்னவும் இல்ல. முழுசா கொண்டாந்து அலமேலு பக்கத்துல வெச்சுரும். காலையில அவ பாய்க்குப் பக்கத்துல ஒரு எலி. அடுப்படியில அவ உக்கார்ற எடத்துல ஒரு எலி. ஒரு தடவ குருவி, இன்னும் சூடு ஆறல. வாங்கிக்கிட்டு வந்தவன் நானு. என் பக்கத்துல ஒரு நாளும் வெச்சது இல்ல. அலமேலு அதப் பாத்துட்டு அழுவா. அப்புறம் அந்தப் பூனையையே மடியில தூக்கி வெச்சுக்கிட்டுத் தடவுவா. நான் பட்டினியா கெடக்கறது உனக்குத் தெரிஞ்சிருச்சா, எனக்குச் சோறு கொண்டாந்தியான்னு கேட்டா. எங்கிட்ட இல்ல சார், பூனைகிட்டச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்றா.

நான் கேட்டேன். வவுறு நெறஞ்சிருக்குதே, அப்புறம் எதுக்கு இது புடிக்குது? அதுக்கு அவ, அது பசிக்குப் புடிக்கலைங்க, புடிக்கறதுக்கே புடிக்குது, அதுக்கு அது தப்புன்னு தெரியாது, தெரிஞ்சவங்க செஞ்சாத்தான் பாவம்னு சொன்னா. திடீர்னு இப்படி எதையாவது சொல்லுவா. அர்த்தம் ஒண்ணும் இருக்காது.

கோவிச்சிக்கிட்டுப் போறது இது மொத தடவை இல்ல. முன்னாடி ரெண்டு தடவ போயிருக்கா. பென்னாகரத்துல அவ அண்ணன் வூடு. நான் தடுக்க மாட்டேன் சார். கட்டிப் போட்டுக் குடும்பம் நடத்தற ஆளு நான் இல்ல. போறியா, போ. பஸ்ஸ நானே கை காட்டி நிறுத்தி ஏத்தி விட்டிருக்கேன். ஒரு வாரம், பத்து நாளு, ஒரு போன் பண்ண மாட்டேன். அவளும் மொத ரெண்டு நாளு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாளாம். அவ அண்ணி சொல்லும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சு, நாலு வீட்டுக்குப் போயி வர ஆரம்பிப்பா. சாப்பாடு எறங்கும். கோயிலுக்குப் போவா. இனிமே இவன் வர மாட்டான்னு நெனப்பா பாருங்க, அப்பத்தான் போயி நிப்பேன்.

சண்டை போட மாட்டேன். வெத்தலை பாக்கு, பழத்தோட போயி மரியாதையா உக்காருவேன். அவ அண்ணன் தங்கமான மனுசன், என் பேச்சுக்கு மறு பேச்சு கெடையாது. அவரே பையத் தூக்கிக்கிட்டு வந்து பஸ்ஸேத்தி விடுவாரு. வர்ற வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். எது பேசறதா இருந்தாலும் வூட்டுக்கு வந்தப்புறம்தான். அடுத்தவங்க முன்னாடி சம்சாரத்த ஒரு சொல்லு சொல்லக் கூடாது, அது என் கொள்கை.

எங்க விட்டேன்? ஆங், பூனை. அதுக்கு மருந்து போட்டதுலதான் இந்தத் தடவ சண்டையே. சொல்றேன்.

போன ஐப்பசியில நல்ல புழு. நாலாவது தோலும் உரிச்சு எந்திரிச்சு, ஒவ்வொண்ணும் சுண்டு வெரலு தண்டிக்கு இருக்குது. இன்னும் நாலு நாள்ல கூடு கட்டப் போவுது. அந்த நேரம் பாத்துப் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி புடிச்சுக்கிச்சு. வூடெல்லாம் தெள்ளு. எனக்குக் காலு பூராத் தடிப்புத் தடிப்பா வீங்கிருச்சு. மாட்டு உண்ணிக்கு வாங்கி வெச்ச பொடி ஒரு டப்பா இருந்துச்சு. எடுத்தேன். இவ ஓடியாந்து கையப் புடிக்கறா. வேணாங்க, அது ஷெட்டுக்குள்ள போவுற ஜீவன், புழு அடுக்கு மேல ஏறி எறங்குது, மருந்து ஆவாதுங்க, நீங்க சொன்னதுதானேங்க, அப்படிங்கறா. பதினெட்டு வருசமா புழு வளக்கறவனுக்கு இவ பாடம் எடுக்கறா! நான் சொன்னது தெளிக்கற மருந்த. இது மாட்டுக்குத் தேய்க்கற பொடி. அவ்ளோ பெரிய மாட்டுக்கே ஒண்ணும் ஆவல, பூனைக்கு என்னா ஆவப் போவுது? புடிச்சு, மயிரப் பிரிச்சு, தோலு வரைக்கும் படற மாதிரி ரெண்டு கை அள்ளித் தேச்சேன். தேச்சுட்டு, போயி வேலையப் பாருன்னு ஷெட்டுக்குள்ள விட்டுக் கதவச் சாத்துனேன். அது காலையில.

மறுநாளு மத்தியானம் தழை போடப் போறோம். புழு தழை தின்னா மழை பேயற மாதிரி சத்தம் வரும் சார். அன்னிக்குச் சத்தமே இல்ல. கீழ் அடுக்கப் பாத்தா, புழு அத்தனையும் தலையத் தூக்கி ஆட்டிக்கிட்டு இருக்குது. வாயில பச்சையா தண்ணி. பாக்கப் பாக்கச் சுருங்கி விழுது. அடுத்த அடுக்கும் அப்படியே. அலமேலு தழைக்கூடையக் கீழ போட்டுட்டு, புழுவப் பாக்காம ராசாத்தி ராசாத்தின்னு தேடறா. அது மூலையில கெடந்துச்சு. நுரை தள்ளி, ஒடம்பு வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு.

எனக்குப் புரிஞ்சு போச்சு. இது அடுக்கு மேல ஏறிப் புழுவத் தின்னிருக்குது. தின்னது ஒத்துக்காம வலிப்பு. இது மெதிச்சதுல, மோந்ததுல மத்த புழு பூராவும் செத்துது. வேட்டைக்குப் போற பூனை எதுக்குப் புழு அடுக்குல ஏறுது? பாலும் சோறும் தின்னு கொழுத்துப் போயி வெளையாட ஏறியிருக்குது. சோறு வெச்சது யாரு? கணக்கு நேரா வருதில்ல சார்? அலமேலு பூனையத் தூக்கிக்கிட்டுத் தண்ணித் தொட்டிக்கு ஓடுனா. கழுவறா, தொடைக்கறா, மறுபடியும் கழுவறா. நாலு மணிக்குச் செத்துது. அது வரைக்கும் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. புழு அத்தனையும் செத்துக்கிட்டு இருக்குது, இவ பூனைய மடியில வெச்சிருக்கா.

பட்டு ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்துச்சு. செத்த புழுவக் கையில எடுத்துப் பாத்துச்சு. இது சீக்கு இல்ல, நஞ்சு பட்டிருக்குதுன்னுச்சு. பக்கத்துல யாராவது மருந்தடிச்சாங்களா? இல்லைங்கம்மா. மாட்டுக்கு, நாய்க்கு எதுனா போட்டீங்களா? இல்லைங்கம்மா. அக்கம் பக்கத்துக் காட்டுக்காரங்க நாலஞ்சு பேரு கூடி நிக்கறாங்க. அப்ப அலமேலு வாயத் தொறந்தா. வெளி ஆளு முன்னாடி அவ வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. இவருதாங்கம்மா பூனைக்கு மாட்டு மருந்து தேச்சாரு, நான் வேணாம்னு கையப் புடிச்சேங்க, கேக்கலைங்க. சத்தமா, தெளிவா சொல்றா. அந்தம்மா என்னப் பாத்துச்சு. நோட்டுல எழுதிக்கிட்டுக் கிளம்பிருச்சு. கூடி நின்னவனுங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறான்.

நீங்களே சொல்லுங்க சார். நான் மருந்து போட்டது பூனைக்கு. புழு மேலயா போட்டேன்?

கெடுதலு நடந்துருச்சு. சரி. ஆனா புருசன அப்படி நாலு பேரு முன்னாடி காட்டிக் குடுப்பாங்களா? அன்னிக்கு ரெண்டு தட்டு தட்டுனேன். கோவம்னா மனுசனுக்கு வரத்தான் செய்யும். மறுநாளு காலையில, செத்த புழுவ அள்ளணும். அழுவ விட்டா நாத்தம் ஊரத் தூக்கும், அடுத்த தடவ புழு வெக்க முடியாது. உன்னாலதான செத்துது, நீயே அள்ளிக் கழுவுன்னு அவள ஷெட்டுக்குள்ள விட்டு, வெளிய பூட்டுனேன். பூட்டலன்னா பாதியில எந்திரிச்சு வந்துருவா, அவள எனக்குத் தெரியும். அப்புறம் தர்மபுரியில ஒரு வேலை இருந்துச்சு, போனேன். போன எடத்துல பங்காளி வூட்டுல இருடான்னு புடிச்சு நிறுத்திட்டான். மறுநாளு சாயங்காலம்தான் திரும்புனேன். வேணும்னு செஞ்சது இல்ல சார். உள்ள தொட்டியில தண்ணி இருக்குது. வலை ஜன்னலு இருக்குது. கழுவறதுக்கு பிளீச்சிங் பவுடரு ஒரு மூட்டை உள்ளயே இருக்குது. என்னா கொறை?

வந்து பாத்தா பூட்டு ஒடைஞ்சு கெடக்குது. பக்கத்துக் காட்டு முனியப்பன் பொண்டாட்டி கடப்பாரையால ஒடச்சிருக்கா. ஏம்மா, அடுத்தவன் வூட்டுப் பூட்ட ஒடைக்கறியே, உனக்கு ஞாயமான்னு கேட்டேன். அவ சொல்றா, நேத்தெல்லாம் உள்ள இருந்து தட்டற சத்தம் கேட்டுது, குடும்பச் சண்டைன்னு சும்மா இருந்தோம், இன்னிக்குக் காலையில தட்டற சத்தம் நின்னு போச்சு, அதான் ஒடச்சோம்னு. சத்தம் நின்னா வேலை செய்யறான்னு அர்த்தம். இவங்களுக்கு எங்க புரியுது? அலமேலு அங்க இல்ல. கட்டுன சேலையோட போயிட்டா. ஷெட்டு சுத்தமா கழுவி இருந்துச்சு சார். ஒரு புழு இல்ல. அத நான் மறைக்க மாட்டேன்.

ராயக்கோட்டை வந்துருச்சு. தக்காளிக் கூடை ஏத்தறாங்க போல, பத்து நிமிசம் நிப்பான். பாருங்க, இது முழிச்சுக்கிச்சு. கத்த ஆரம்பிச்சா நிறுத்தாது. இல்ல சார், பால் வேணாம். அட, நீங்க எதுக்கு எறங்கறீங்க, வேணாம்னா வேணாம். உக்காருங்க. பேச்சு பாதியில நிக்குது.

எப்பவும் போல பத்து நாளு விட்டேன். போன் பண்ணல. பதினோராவது நாளு பென்னாகரத்துக்குப் போனா, அவ அண்ணன் முழிக்கறாரு. இங்க வரலியே மாப்ளங்கறாரு. கெணத்த எல்லாம் பாத்தோம். நான்தான் சொன்னேன், கெணத்துல விழற ஆளு இல்ல அவ, திமிரு புடிச்சவன்னு. இருவது நாளு கழிச்சு அவ ஊர்ப் பொண்ணு ஒருத்தியோட ஆத்தா வாயில வந்துருச்சு. அந்தப் பொண்ணு வேலை செய்யற ஓசூர்க் கம்பெனியிலயே இவளும் சேந்திருக்கா. கம்பெனி ஹாஸ்டல்லயே தங்கிக்கிட்டு.

மூணு வாட்டி போனேன் சார். கேட்டுல வாட்ச்மேன் விட மாட்டேங்கறான். மாதையன்னு யாரு வந்தாலும் விடக் கூடாதுன்னு லெட்டரு இருக்குதாம். யாரு குடுத்தான்னு கேட்டா, அவளே எழுதிக் குடுத்தாளாம். அவளுக்கு எழுதத் தெரியும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

போன வாரம் எதுத்தாப்புல நின்னு பாத்தேன். கம்பெனி வேன்ல இருந்து எறங்குனா. ஒடம்பு கொஞ்சம் தேறியிருக்குது. கன்னத்துல சதை புடிச்சிருக்குது. பக்கத்துல வந்த பொண்ணுகிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே உள்ள போனா. ஒரு தடவ கூட ரோட்டப் பாக்கல. சரி, மனசு ஆறிருச்சு, பயம் போயிருச்சுன்னு தெரிஞ்சுது. இனிமே கூட்டிக்கிட்டு வந்தா சரியா இருக்கும்.

அதுக்குத்தான் சார் உங்ககிட்ட ஒரு ஒத்தாசை. நீங்க அந்தக் கம்பெனிதானே? இல்லன்னு சொல்லாதீங்க. கழுத்துல மாட்டுன கம்பெனி கார்டுப் பட்டைய இப்பச் சட்டைக்குள்ள விட்டுட்டீங்க, பஸ் ஸ்டாண்டுல வெளியதான் இருந்துச்சு. நீலம். அவ கழுத்துலயும் அதே நீலம்தான். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பஸ்ஸு போச்சு. நீங்க ஏறல, நானும் ஏறல.

பெருசா ஒண்ணும் இல்ல. இந்தக் கூடைய நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. உங்கள வாட்ச்மேன் தடுக்க மாட்டான். கேட்டுக்கு வெளிய யாரோ பூனைக்குட்டிய விட்டுட்டுப் போயிட்டாங்க, பாலக்கோட்டு அலமேலுவ வரச் சொல்லுங்க, அவுங்களுக்குத்தான் பூனை பாக்கத் தெரியுமாமேன்னு சொல்லிட்டு, கூடைய கேட்டுக்கு வெளிய வெச்சுருங்க. என் பேரு வேணாம். உள்ள பூனைய விட மாட்டாங்க, அவதான் வெளிய வருவா. இது கத்தற சத்தம் மாடி வரைக்கும் கேக்கணும். அதுக்குத்தான் நேத்துல இருந்து பால் காட்டல. சத்தம் கேட்டா அவளால இருக்க முடியாது, அவள எனக்குத் தெரியும். நான் டீக்கடைக்குப் பின்னாடி நிப்பேன். மீதிய நான் பாத்துக்கறேன்.

எங்க சார் எந்திரிக்கறீங்க? ஓசூருக்கு இன்னும் தூரம் இருக்குது. கூட்டத்துல நின்னுக்கிட்டா போவப் போறீங்க? உக்காருங்க. கைய விடறேன், நீங்க மொதல்ல உக்காருங்க. அப்படி.

எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு? ரகளை ஆவும், உங்க பேரு கெட்டுப் போவும்னு பாக்கறீங்களா? ஒண்ணும் ஆவாது சார். கத்த மாட்டா, கூப்பாடு போட மாட்டா. ஓட மாட்டா. என்னப் பாத்துட்டான்னா நின்ன எடத்துலயே நின்னுருவா.